அரசமைப்பில் இருந்த உரிமை, பதிவேட்டில் இல்லாத பெயர்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் வாக்குரிமை வரலாறு

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது திருத்தம் 1870 பிப்ரவரியில் நிறைவேறியது. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனின் வாக்குரிமையையும் மத்திய அரசோ மாநில அரசுகளோ மறுக்கவோ குறைக்கவோ கூடாது என்று அது கூறுகிறது. அந்த வாக்கியம் பிறகு ஒருபோதும் நீக்கப்படவில்லை. அதில் ஒரு சொல்கூட மாற்றப்படவில்லை. ஆயினும் 94 ஆண்டுகள் கழித்து, 1964இல், மிசிசிப்பி மாநிலத்தில் வாக்களிக்கும் வயதை எட்டியிருந்த கறுப்பினத்தவரில் நூற்றுக்கு ஏழு பேர்கூட வாக்காளர் பதிவேட்டில் இல்லை.

நாட்டின் அடிப்படைச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்த ஓர் உரிமை இலட்சக்கணக்கானோருக்குக் கிட்டாமற்போனது எவ்வாறு? அதை மீட்க 1965இல் இயற்றப்பட்ட சட்டம், அதற்கு முந்தைய சட்டங்கள் தோற்ற இடத்தில் வென்றது எதனால்? அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம் என்றதும், பேருந்து இருக்கையிலிருந்து எழ மறுத்த ரோசா பார்க்ஸும், வாஷிங்டனில் 1963இல் உரையாற்றிய மார்ட்டின் லூதர் கிங்கும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இனப் பாகுபாட்டை எவ்வளவு நுட்பமான அலுவலக வேலையாக நடத்த முடியும் என்பதை வாக்குரிமையின் வரலாறே தெளிவாகக் காட்டுகிறது என்பதால், இக்கட்டுரை அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முதலில் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்தியாவில் உள்ளதைப் போல, நாடு முழுவதும் தேர்தல் நடத்தும் ஒரே ஆணையம் அமெரிக்காவில் இல்லை. தேர்தல் என்பது மாநிலங்களின் பொறுப்பு. மாநிலத்துக்குள்ளும் அந்த வேலை பெரும்பாலும் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்களிடம் விடப்பட்டிருக்கிறது. நாம் பேசும் காலத்தில், வாக்களிக்க விரும்புபவர் தாமே கவுண்டி அலுவலகத்துக்குச் சென்று விண்ணப்பித்து, பதிவாளரின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். இந்த வரலாற்றில் அந்தச் சிறிய அலுவலரே பெரிய அதிகாரம் படைத்தவராக இருந்தார்.

கிடைத்ததும் பறிபோனதும்

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் தோற்றன. 13ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 14ஆவது திருத்தம் விடுதலை பெற்றவர்களுக்குக் குடியுரிமையும் சட்டத்தின் முன் சமமான பாதுகாப்பும் அளித்தது. 15ஆவது திருத்தம் வாக்குரிமையைக் காத்தது. (பெண்களுக்கு வாக்குரிமையை உறுதிசெய்த திருத்தம் 1920இல்தான் வந்தது; எனவே இக்காலத்தில் தெற்கில் வாக்காளர் என்றால் ஆண்கள் மட்டுமே.) மத்திய அரசின் படைகள் தெற்கில் நிறுத்தப்பட்டிருந்த அந்தச் சில ஆண்டுகளில் கறுப்பின ஆண்கள் திரளாக வாக்களித்தனர், பதவிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1870இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பின உறுப்பினரான ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பியிலிருந்து வந்தவர். பின்னாளில் நூற்றுக்கு ஏழு பேர்கூடப் பதிவேட்டில் இல்லாமற்போனது அதே மாநிலத்தில்தான்.

இந்த மாற்றத்தைப் பொறுக்காத வெள்ளையர்கள் கூ கிளக்ஸ் கிளான் போன்ற இரகசியக் குழுக்களை அமைத்துக் கறுப்பின வாக்காளர்களைத் தாக்கினர், கொன்றனர். 1876ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எழுந்த பெரும் தகராறு தீர்க்கப்பட்டதை ஒட்டி, 1877இல் மத்திய அரசு தன் படையின் ஆதரவை விலக்கிக்கொண்டது. அதன்பின் மிரட்டலும் வாக்குப்பெட்டி மோசடியும் தடையின்றி நடந்தன. ஆனால் மோசடியை ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. கறுப்பின வாக்கை நிலையாக ஒழிக்க, சட்டத்தின் தோற்றம் கொண்ட ஒரு வழி தேவைப்பட்டது.

அவ்வழியை முதலில் முழுமையாக வகுத்தது மிசிசிப்பி. அம்மாநிலத்தின் மக்கள் தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். 1890இல் கூடிய மாநில அரசமைப்பு மாநாடு, இனம் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் வாக்காளர் தகுதிகளை எழுதியது. 15ஆவது திருத்தம் இனத்தின் பெயரால் மறுப்பதைத்தான் தடுக்கிறது. ஆகவே பெயரைச் சொல்லாமல் மறுத்தால் திருத்தம் மீறப்பட்டதாகாது என்பதே அவர்கள் போட்ட கணக்கு. தெற்குக் கரோலினா 1895இலும், லூசியானா 1898இலும், அலபாமா 1901இலும், வர்ஜீனியா 1902இலும் இதே வழியில் சென்றன.

கையாளப்பட்ட முறைகள் பல. வாக்களிப்பதற்காகக் கட்ட வேண்டிய வாக்கு வரி என்பது அவற்றில் எளியது: மிசிசிப்பியில் ஆண்டுக்கு 2 டாலர். கையில் பணமே புழங்காமல், விளைச்சலில் பங்கு பெற்று வாழ்ந்த வார விவசாயிக்கு அது சிறிய தொகை அன்று. அலபாமாவில் கட்டாத வரி ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போனதால், வயது ஏற ஏற வாக்குரிமையின் விலையும் ஏறியது. ஏழை வெள்ளையர்களும் இதில் அடிபட்டனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் வேறு சில விதிகளில் அவர்களுக்கென்று ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. லூசியானாவின் 1898ஆம் ஆண்டு அரசமைப்பின்படி, 1867 ஜனவரி 1 அன்று வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும் அவருடைய மகனுக்கும் பேரனுக்கும் எழுத்தறிவுத் தகுதியோ சொத்துத் தகுதியோ தேவையில்லை. அந்தத் தேதியில் லூசியானாவில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை. இதைப் பாட்டனார் விதி என்று அழைத்தார்கள். 1896இல் அம்மாநிலத்தில் பதிவு பெற்றிருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904இல் எஞ்சியவர்கள் 1,342 பேர்.

எல்லாவற்றிலும் நீடித்து நின்றது எழுத்தறிவுத் தேர்வு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வாக்களிப்பது நியாயந்தானே என்று வாசகருக்குத் தோன்றலாம். ஆனால் மிசிசிப்பியின் விதியை ஊன்றிப் படித்தால், அது எழுத்தறிவைச் சோதிப்பதாகவே தெரியவில்லை. மாநில அரசமைப்பின் ஏதேனும் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும். அல்லது அதைப் பிறர் படிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். அல்லது அதற்கு நியாயமான விளக்கம் தர வேண்டும். 1950களில் படிப்பும் எழுத்தும் விளக்கமும் எல்லாமே கட்டாயம் என்று விதி மேலும் கடுமையாக்கப்பட்டது. எந்தப் பிரிவைக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் பதிவாளர். விளக்கம் நியாயமானதா என்று முடிவு செய்பவரும் அவரே. வெள்ளையர் ஒருவருக்கு ஒற்றை வரிப் பிரிவைக் கொடுத்துத் தேர்ச்சி அளிக்கவும், கறுப்பின ஆசிரியர் ஒருவருக்குச் சட்ட வல்லுநர்களே தடுமாறும் பிரிவைக் கொடுத்து அனுப்பிவிடவும் அவரால் முடிந்தது. இனம் என்ற சொல் சட்டத்தில் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நீதிமன்றம் என்ன செய்தது?

மிசிசிப்பியின் விதிகள் 1898இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அவை தம் சொற்களில் எந்த இனத்தையும் பிரித்துக் காட்டவில்லை என்றும், நடைமுறையில் தீங்கு நிகழ்ந்ததாக நிறுவப்படவில்லை என்றும் கூறி நீதிமன்றம் அவற்றை ஏற்றுக்கொண்டது. 1903இல் அலபாமாவிலிருந்து வந்த வழக்கு இன்னும் வியப்பானது. பல ஆண்டுகள் வாக்களித்துவந்த கறுப்பினத்தவர் ஒருவர், தம்மையும் தம்மைப் போன்றோரையும் பதிவு செய்ய ஆணையிடுமாறு கேட்டார். இத்தகைய அரசியல் அநீதிக்கு மாநில மக்களிடமோ சட்டமன்றம் போன்ற அரசியல் அமைப்புகளிடமோதான் பரிகாரம் தேட வேண்டும் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. வாக்கில்லாதவர், வாக்கால் அமையும் மன்றத்திடம் போய் வாக்கைக் கேட்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

வழக்குகள் வென்ற சமயங்களும் உண்டு. அந்த வெற்றிகளே பெரிய பாடமாக அமைந்தன. ஓக்லஹோமாவின் பாட்டனார் விதியை 1915இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. மறு ஆண்டே அம்மாநிலம் வேறொரு சட்டம் இயற்றியது: செல்லாதென்று நீக்கப்பட்ட விதியின் கீழ் 1914இல் வாக்களித்தவர்கள் அப்படியே பட்டியலில் தொடரலாம், மற்றவர்கள் 1916 ஏப்ரல் 30 முதல் மே 11 வரை, 12 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும், தவறினால், மிகச் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுதும் வாக்கில்லை. இந்த இரண்டாவது சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது 1939இல். ஒரு தந்திரத்தை உடைக்க 23 ஆண்டுகள். அடுத்ததை உருவாக்கச் சில மாதங்கள். பின்னாளில் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தை வடிவமைத்தவர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல் இதுவே.

அலபாமாவின் டஸ்கீகி நகரத்தில் நடந்தது இன்னொரு வகை. அங்கே கறுப்பினத்தவருக்கான புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனம் இருந்ததால், எழுத்தறிவுத் தேர்வால் தடுக்க முடியாத அளவுக்குப் படித்தவர்கள் மிகுந்திருந்தனர். ஆகவே 1957இல் மாநிலச் சட்டமன்றம் நகர எல்லையையே மாற்றியது. சதுர வடிவில் இருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட விசித்திர உருவமாயிற்று. கறுப்பின வாக்காளர்கள் சுமார் 400 பேரில் நான்கைந்து பேர் தவிர அனைவரும் நகருக்கு வெளியே தள்ளப்பட்டனர். வெள்ளை வாக்காளர் ஒருவர்கூட வெளியேறவில்லை. 1960இல் உச்ச நீதிமன்றம் இதற்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

ஒரு பெண்ணின் விண்ணப்பம்

நுட்பமான விதிகளுக்குப் பின்னால் பசியும் அடியும் காத்திருந்தன என்பதை ஃபேனி லூ ஹேமரின் வாழ்க்கை காட்டுகிறது. மிசிசிப்பியில் வார விவசாயிகளின் 20ஆவது குழந்தையாக 1917இல் பிறந்து, ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கியவர் அவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று, 18 பேருள் ஒருவராகப் பேருந்தில் இண்டியனோலா என்ற ஊரின் பதிவு அலுவலகத்துக்குச் சென்றார். மாநில அரசமைப்பில் ஒரு சட்டக் கருத்தைப் பற்றிய பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள், தேர்ச்சி அளிக்கப்படவில்லை. திரும்பும் வழியில் பேருந்தின் நிறம் சரியில்லை என்று கூறி, காவல் துறையினர் வண்டியை நிறுத்தி அபராதம் விதித்தனர். அன்று மாலையே, 18 ஆண்டுகள் அவர் உழைத்த பண்ணையின் உரிமையாளர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் வெளியேற வேண்டும் என்றார். உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகவே போனேன் என்று ஹேமர் பதிலளித்தார். அன்றிரவே அவர் அங்கிருந்து வெளியேற நேர்ந்தது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் தேர்ச்சி பெற்றுவிட்டார். ஆனால் வாக்களிக்கச் சென்றபோது, இரண்டு ஆண்டு வாக்கு வரி கட்டிய இரசீது இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். 1963 ஜூனில், வாக்குரிமைப் பயிற்சி ஒன்றிலிருந்து திரும்பும்போது வினோனா என்ற ஊரில் கைதுசெய்யப்பட்டு, சிறையில் கடுமையாகத் தாக்கப்பட்டார். அந்தக் காயங்களின் விளைவு அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. ஹேமர் வாழ்ந்த சன்ஃபிளவர் கவுண்டியில்தான், செனட்டின் நீதித் துறைக் குழுத் தலைவராக இருந்து குடிமை உரிமை மசோதாக்களை முடக்கிவந்த ஜேம்ஸ் ஈஸ்ட்லண்டின் பருத்திப் பண்ணையும் இருந்தது.

வாக்குரிமை மசோதா எதுவும் வழக்கமாக அந்தக் குழுவைத் தாண்டியே வர வேண்டியிருந்தது. இருந்தும் 1957, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் குடிமை உரிமைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. வாக்குரிமையைப் பொறுத்தவரை அவை அனைத்தும் ஒரே வழியையே நம்பியிருந்தன: மத்திய அரசின் நீதித் துறை அமைச்சகம் ஒவ்வொரு கவுண்டியாக வழக்குத் தொடுத்து, பாகுபாட்டைச் சான்றுகளோடு நிறுவ வேண்டும். அலபாமாவின் டாலஸ் கவுண்டியில் 1961இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. அங்கு வாக்களிக்கும் வயதுடைய கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். பதிவு பெற்றிருந்தவர்கள் 156 பேர். நான்கு ஆண்டு வழக்காடலுக்குப் பின் அந்த எண்ணிக்கை 383 ஆனது. அந்தக் கவுண்டியின் தலைநகர் செல்மா.

செல்மா

செல்மாவில் பதிவு அலுவலகம் மாதத்துக்கு இரண்டு நாட்கள் மட்டுமே திறந்திருந்தது. 1964 ஜூலையில் உள்ளூர் நீதிபதி ஒருவர், குடிமை உரிமை அமைப்புகளின் சார்பில் மூன்று பேர் கூடுவதையே தடை செய்தார். மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவும் அமீலியா பாய்ன்டன் போன்ற உள்ளூர்த் தலைவர்களும் ஆண்டுக்கணக்காக உழைத்துவந்த அந்த ஊருக்கு 1965 ஜனவரியில் கிங்கின் அமைப்பும் வந்து சேர்ந்தது. கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீஃப் ஜிம் கிளார்க் பொறுமையிழந்து தாக்குவார், தாக்கினால் நாடு பார்க்கும் என்பது இயக்கத்தின் கணிப்பில் ஒரு பகுதி. அகிம்சை என்பது அடி வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

பிப்ரவரியில், அருகிலுள்ள மேரியன் என்ற ஊரில் மாநிலக் காவலர் சுட்டதில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞர் இறந்தார். அதைக் கண்டித்து மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை, ஜான் லூயிஸும் ஹோசியா வில்லியம்ஸும் முன் நடக்க, சுமார் 600 பேர் மாநிலத் தலைநகரான மான்ட்கமரியை நோக்கிப் புறப்பட்டனர். எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைக் கடந்ததும் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களைத் தாக்கினர். லூயிஸின் மண்டை உடைந்தது. அந்தக் காட்சி அன்றிரவே நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. எட்டு நாட்களில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் முன் உரையாற்றி வாக்குரிமைச் சட்டம் கோரினார். மத்திய நீதிமன்றம் அனுமதித்த பிறகு, மார்ச் 21 அன்று மூன்றாம் முறையாகத் தொடங்கிய பேரணி, 87 கிலோமீட்டர் நடந்து 25ஆம் தேதி மான்ட்கமரியில் முடிந்தபோது, அதில் சுமார் 25,000 பேர் இருந்தனர்.

புதிய சட்டத்தின் உள்ளமைப்பு

1965 ஆகஸ்ட் 6 அன்று ஜான்சன் கையெழுத்திட்ட வாக்குரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, இனத்தின் பெயரால் வாக்கை மறுப்பதை நாடு முழுவதும் தடை செய்கிறது. இது 15ஆவது திருத்தத்தின் மறுபதிப்பு போன்றதே. புதுமை 4, 5ஆம் பிரிவுகளில் இருந்தது. 1964 நவம்பரில் எழுத்தறிவுத் தேர்வு போன்ற நிபந்தனையை வைத்திருந்து, வாக்களிக்கும் வயதுடையோரில் பாதிக்கும் குறைவானவர்களே பதிவு பெற்ற அல்லது வாக்களித்த பகுதிகளை 4ஆம் பிரிவு ஒரு கணக்கால் அடையாளம் கண்டது. யாருடைய உள்நோக்கத்தையும் நிறுவ வேண்டியதில்லை, எண்களே போதும். அப்பகுதிகளில் அத்தேர்வுகள் உடனே நிறுத்தப்பட்டன. தேவைப்பட்ட இடங்களில் மத்திய அரசின் அலுவலர்களே நேரில் சென்று பெயர்களைப் பதிவு செய்தனர்.

5ஆம் பிரிவுதான் சட்டத்தின் உயிர். அந்தப் பகுதிகள் தேர்தல் விதி எதையாவது மாற்ற விரும்பினால், அந்த மாற்றம் இனப் பாகுபாடு செய்யாது என்று மத்திய அரசின் தலைமைச் சட்ட அலுவலரான அட்டர்னி ஜெனரலிடமோ வாஷிங்டனிலுள்ள மத்திய நீதிமன்றத்திடமோ காட்டி, முன் அனுமதி பெற்ற பிறகே நடைமுறைப்படுத்தலாம். அதுவரை அநீதிக்கு உள்ளானவர் வழக்குத் தொடுத்து, சான்று தேடி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அந்தக் காலமெல்லாம் புதிய விதி நடப்பில் இருந்தது. இப்போது காத்திருக்க வேண்டியவரும் மெய்ப்பிக்க வேண்டியவரும் விதியை மாற்றுபவர் ஆனார். ஓக்லஹோமா 1916இல் செய்ததைப் போன்ற ஒன்றை, முன் அனுமதிக்கு உட்பட்ட ஒரு மாநிலம் இனி முயன்றால், அது ஒரு நாளும் நடப்புக்கு வராமலேயே தடுக்கப்படும்.

விளைவு விரைவாகத் தெரிந்தது. 1965 முடிவதற்குள் சுமார் இரண்டரை இலட்சம் கறுப்பினத்தவர் புதிதாகப் பதிவு பெற்றனர். மிசிசிப்பியில் 6.7 விழுக்காடாக இருந்த பதிவு, 1967இல் 59.8 விழுக்காடானது. 1966 தேர்தலில் செல்மாவின் புதிய வாக்காளர்கள் ஜிம் கிளார்க்கைத் தோற்கடிக்க உதவினர்.

பதிவைத் தடுக்க முடியாதபோது, பதிவான வாக்கைப் பயனற்றதாக்கும் முயற்சிகள் தொடங்கின. சிறு தொகுதிகளில் கறுப்பின வேட்பாளர் வெல்லக்கூடும் என்றால், தொகுதிகளைக் கலைத்துவிட்டு மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கினால் பெரும்பான்மையினரே எல்லா இடங்களையும் பிடிப்பர். மிசிசிப்பி 1966இல் இவ்வகை மாற்றங்களைச் செய்தது. அவற்றுக்கும் முன் அனுமதி வேண்டும் என்று 1969இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1980இல் வேறொரு வழக்கில், பாகுபாட்டு நோக்கம் இருந்ததை நிறுவியாக வேண்டும் என்று அதே நீதிமன்றம் முடிவெடுத்தபோது, 1982இல் நாடாளுமன்றம் இரண்டாம் பிரிவைத் திருத்தி, விளைவைக் காட்டினாலே போதும் என்றாக்கியது.

2013க்குப் பின்

முன் அனுமதி தற்காலிக ஏற்பாடாகவே இயற்றப்பட்டு, பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2006இல் மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தபோது செனட்டில் 98 வாக்குகள் ஆதரவாகவும் எதிராக ஒன்றும் இல்லாமலும் விழுந்தன. ஆனால் 2013 ஜூன் 25 அன்று, அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் 4ஆம் பிரிவின் கணக்கீட்டைச் செல்லாததாக்கியது. பல பத்தாண்டுகளுக்கு முந்தைய புள்ளிவிவரத்தை வைத்து இன்றைய மாநிலங்களைப் பிரித்து நடத்துவது முறையன்று என்பது தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸின் வாதம். 5ஆம் பிரிவு ஏட்டில் இருக்கிறது. அது எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்று சொல்ல ஆளில்லை. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், மழையில் நனையவில்லையே என்று குடையை எறிவதற்கு இதை ஒப்பிட்டார். ராபர்ட்ஸின் வாதத்தில் பொருளே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய கணக்கீட்டை நீக்கியவர்கள், புதியதை வகுக்க நாடாளுமன்றம் எளிதில் உடன்பட்டுவிடாது என்பதை அறியாதவர்கள் அல்லர்.

தீர்ப்பு வந்த சில மணி நேரத்தில், முன்பு தடுக்கப்பட்டிருந்த புகைப்பட அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதாக டெக்சாஸ் அறிவித்தது. துப்பாக்கி உரிம அட்டையை ஏற்ற அந்தச் சட்டம், மாணவர் அடையாள அட்டையை ஏற்கவில்லை. வடக்குக் கரோலினா 2013 ஆகஸ்டில் இயற்றிய சட்டத்தை, கறுப்பினத்தவரை ஏறக்குறைய அறுவைச் சிகிச்சைத் துல்லியத்தோடு குறிவைத்தது என்று கூறி மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016இல் நீக்கியது. அதற்குள் 2014 நவம்பர் தேர்தல் அச்சட்டத்தின் பல விதிகளின் கீழ் நடந்து முடிந்திருந்தது.

இரண்டாம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுக்கும் வழி மட்டும் எஞ்சியது. கால் பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் வாழும் அலபாமாவில், நாடாளுமன்றத்துக்கான 7 தொகுதிகளில் ஒன்றில் மட்டுமே அவர்கள் பெரும்பான்மையாக இருக்குமாறு 2021இல் எல்லைகள் வகுக்கப்பட்டன. 2022 ஜனவரியில் மத்திய நீதிமன்றம் அது சட்டமீறலாக இருக்கக்கூடும் என்று கண்டு தடுத்தது. உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்தி வைத்ததால், அவ்வாண்டுத் தேர்தல் அதே எல்லைகளின்படி நடந்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றமே கீழ் நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது. மாற்றியமைக்கப்பட்ட எல்லைகளோடு அலபாமா மக்கள் வாக்களித்தது 2024 நவம்பரில்.